இந்தக் கோட்டுக்குக் கீழே எழுத வேண்டாம்

1

இந்தக் கதையை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். வியப்பினால் அல்ல, பல் சுத்தம் செய்துகொள்ளப் போயிருந்தேன்.

அமெரிக்காவில் இந்த மில்வாக்கிக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லைச் சுரண்டிக்கொள்வது இந்த ஊரில் ஒரு நோன்பு. பல் டாக்டர் கடைசி மூன்று நிமிடம் வந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. அதற்கு முன் முக்கால் மணி நேரம் காரையைச் சுரண்டி, இடுக்கில் நூல் விட்டு, மெருகு போடுகிறவள் ரோண்டா. நாற்பத்து மூன்று வயது, தனிக்கட்டை, நல்ல உயரம். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரியும். கதை சொல்லும்போது அந்தக் கண்கள் கதையைத்தான் பார்க்கும், என் ஈறைப் பார்க்காது. ஈறில் அதற்கு அத்தாட்சி இருக்கிறது.

கதை மூன்று தவணையில் வந்தது. ஓர் அக்டோபர், ஓர் ஏப்ரல், மறுபடி ஓர் அக்டோபர். மூன்று முறையும் என் வாயில் ஒரு கொக்கி, ஒரு சின்னக் கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய். 'ஏன்?' என்று ஒரு வார்த்தை கேட்க நாக்குக்கு இடமில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து காகிதத்தில் துப்பினேன். நீங்கள் படிப்பது அதைத்தான்.

(அவள் பெயர் ரோண்டா இல்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரை மாத்திடுங்க, கொஞ்சம் ஒல்லியாக் காட்டுங்க" என்றாள். பெயரை மாற்றிவிட்டேன். ஒல்லியாகவும் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ரோண்டா வேலை முடிந்து வந்தபோது கோரினின் அறை காலியாக இருந்தது. கட்டில் இல்லை. மேசை இல்லை. வீடெங்கும் ஓர் இனம்புரியாத வெறுமை பர—'

எந்த வெறுமை? எங்கே பரவியது? எழுதுகிறவனுக்குக் கை அரித்தால் இப்படித்தான் வெறுமை பரவும். அடித்துவிட்டேன். ரோண்டா சொன்னது வேறு.

"கதவைத் திறக்கிறேன், அவ சாமான் ஒண்ணும் இல்ல. எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? வெளிய சொன்னா வெட்கக்கேடு. அப்பாடான்னு இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க."

கடைசி வாக்கியம் எனக்கு.

ஆகவே திருத்திய தொடக்கம் இது: அறைத்தோழி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன அன்று, ரோண்டா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, இரண்டு வருடத்தில் முதல் முறையாகச் சத்தமாக ஏப்பம் விட்டாள்.

பிறகுதான் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். 'ரோ, திடீர்னு கிளம்ப வேண்டியதாப் போச்சு. மன்னிச்சுக்கோ. சாவி சர்க்கரை டப்பாவுல இருக்கு. டெபாசிட்டுக்கு அவசரமே இல்ல, முடிஞ்சப்போ அனுப்பு. எல்லாத்துக்கும் நன்றி.' கீழே மிச்சிகனின் வடகோடியில் ஒரு முகவரி. கோரினின் அண்ணன் வீடு.

ஏப்பத்தின் சுகம் அத்தோடு போயிற்று.

3

கோரின் யார் என்று சொல்ல வேண்டும். முதல் வரைவில் அவளை ஒரு திருடியாக எழுதினேன். இரண்டாவதில் குடிகாரி. ஒரு வரைவில் பூனை கூட வளர்த்தாள். சொல்லாமல் கிளம்பிப் போகிறவளிடம் ஏதாவது ஒரு கோளாறு இருந்தால் எனக்கு வேலை சுலபம்.

ஒன்றும் இல்லை. முப்பத்தெட்டு வயது, பெரிய மளிகைக் கடை ஒன்றின் ரொட்டிப் பிரிவில் வேலை, வாடகை ஒன்றாம் தேதி டாண் என்று வந்துவிடும். கோளாறு என்று சொன்னால் ஐஸ் கட்டி மெல்லுவாள், அவ்வளவுதான். நாள் முழுக்க மெல்லுவாள். கூடவே எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்பாள். இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் 'ஸாரி' சொல்வாள். ரோண்டா தும்மினால் கோரின் மன்னிப்புக் கேட்பாள். ரோண்டாவும் இந்த ஊர்க்காரிதானே, பதிலுக்கு "ஐயோ, நான்தான் ஸாரி" என்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குளியலறைக்குக் கிளம்பினால், "நீ போ", "இல்ல இல்ல நீ போ" என்று கூடத்தில் நின்றே இருவருக்கும் வேலைக்கு நேரமாகிவிடும்.

நல்லவர்களோடு குடித்தனம் செய்வதுபோல் கஷ்டம் உலகில் இல்லை. சண்டைக்காரியாக இருந்தால் ஒரு நாள் சட்டியைத் தூக்கி எறிந்து தீர்த்துக்கொள்ளலாம்.

4

ஒரு துணைக்கதை. இது இல்லாமல் மற்றது விளங்காது.

வெள்ளிக்கிழமைதோறும் கோரின் கடையில் மிஞ்சிய கிரிங்கிள் ஒன்றைக் கொண்டுவருவாள். வளையமாக இருக்கும், உள்ளே கொட்டைப் பருப்பும் சர்க்கரையும் வைத்த பலகாரம். இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். கடைசித் துண்டு தட்டில் இருக்கும். அதை எடுக்க மாட்டார்கள்.

இந்தப் பக்கத்து ஆட்களின் வழக்கம் அது. கடைசித் துண்டை எடுப்பவர் பேராசைக்காரர். ஆனால் பாதி எடுக்கலாம். ஆகவே சனிக்கிழமை ரோண்டா அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியைத் தின்பாள். சாயங்காலம் கோரின் மீதியைப் பாதியாக்குவாள். ஞாயிறு அது கால்விரல் நகம் அளவுக்கு வந்திருக்கும். திங்கள் கல்லாகும். செவ்வாய் யாரும் பார்க்காதபோது யாரோ குப்பையில் போடுவார்கள். என் அலுவலகத்திலும் இப்படித்தான். முதல் வருடம் நான் எல்லாக் கடைசித் துண்டுகளையும் தின்றுவிட்டு, ஏன் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று விளங்காமல் திரிந்தேன்.

5

கோரின் கிளம்பியது செவ்வாய். அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு மத்தியானம், ரோண்டா மாடிப் பின்பக்கத் தாழ்வாரத்தில் நின்று தன் அக்கா பாலெட்டோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவ நல்லவதான் அக்கா. அதுதான் பிரச்சினையே. தங்கமானவ. ஆனா அவ மட்டும் எங்கியாச்சும் போயிட்டான்னு வெச்சுக்கோ, நான் ஒரு வாரம் தொடர்ந்து தூங்குவேன்."

"அப்ப போகச் சொல்லேன்டி."

"எப்படிச் சொல்றது? மூஞ்சியப் பார்த்து எப்படிச் சொல்றது? அவளாப் போனா எவ்வளவு நல்லா இருக்கும்!"

திரும்பினாள். தாழ்வாரத்தை ஒட்டிய கோரினின் அறை ஜன்னல் நாலு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே ஐஸ் மெல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததா, அப்போதுதான் நின்றதா என்று ரோண்டாவுக்கு நினைவில்லை.

இந்த இடத்தில் ரோண்டா கொக்கியை என் கடைவாயிலிருந்து எடுத்துப் பஞ்சில் துடைத்தாள். "கேட்டிருப்பாளா?" என்றாள்.

எதிர்க்கேள்வி கேட்க முடியாத ஆளிடம்தான் இதைச் சொல்ல முடியும் என்று எனக்கு அப்போது புரிந்தது. எனக்கு முன் அந்த நாற்காலியில் எத்தனை பேர் வாயைத் திறந்துகொண்டு இதைக் கேட்டார்களோ.

6

டெபாசிட் விவகாரத்தை வாசகருக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஒப்பந்தம் ரோண்டா பேரில். மொத்த டெபாசிட் ஆயிரத்து முந்நூறு டாலரையும் அவள்தான் வீட்டுக்காரியிடம் கட்டியிருந்தாள். கோரின் வந்தபோது அதில் பாதி, அறுநூற்று ஐம்பதை, ரோண்டாவிடம் உறையில் போட்டுக் கொடுத்தாள். இப்போது ரோண்டா அங்கேயே இருக்கிறாள்; வீட்டுக்காரி எதையும் திருப்பித் தரப் போவதில்லை. கோரினுக்குக் கொடுப்பதென்றால் ரோண்டா தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அந்தக் கணத்தில் ரோண்டாதான் வீட்டுக்காரி.

இங்கே வீட்டுக்காரர்கள் செய்வதை அவளும் செய்தாள். பிடித்தங்களுக்குப் பட்டியல் போட்டாள். சிரிக்கும் பல் படம் போட்ட, அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக் காகிதத்தில்:

ஃபிரிட்ஜ் தட்டு, விரிசல் – 25
குளியலறைத் திரை – 12
ஐஸ் –

ஐஸுக்கு நேரே என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. 'போகணும்னு வேண்டினவளும் நான். போனதுக்கு அபராதம் போடறவளும் நானா?' கிழித்துப் போட்டாள்.

(ரோண்டா நல்லவள் என்று காட்ட நான் பட்டியலைக் கிழிக்க வைத்ததாக நினைக்க வேண்டாம். கிழித்தது அவளேதான். நானாக இருந்தால் ஃபிரிட்ஜ் தட்டுக்காவது பிடித்திருப்பேன்.)

7

மறுநாள் கீழ்வீட்டு வெர்னா மேலே ஏறி வந்தாள். வீட்டுக்காரி அவள்தான். எழுபத்து நாலு வயது. மாடியில் ஊசி விழுந்தாலும் அவளுக்குத் தெரியும்.

"ஏம்மா, ரெண்டு நாள் ஊர்ல இல்ல, வந்து பாத்தா மேல சத்தமே காணோம்? ஐஸ் மெல்லுறவ எங்க?"

"கிளம்பிட்டா வெர்னா."

"சொல்லாமலா?"

"சொல்லாமத்தான்."

"நீ என்ன பண்ணின அவள?"

"ஸாரி வெர்னா" என்றாள் ரோண்டா.

வெர்னா கோரினின் அறைக்குள் போனாள். சுவர் வெளிர் மஞ்சள். அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளிகள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

"ரோண்டா, இந்தச் சுவத்துக்கு யாரு பல்லு தேச்சு விட்டது?"

வீட்டைக் காலி செய்கிறவர்கள் படம் மாட்டிய ஆணி ஓட்டைகளைப் பற்பசை வைத்து அடைத்துவிட்டுப் போவது இங்கே தொன்றுதொட்டு வரும் ஏமாற்று. ஆனால் வெள்ளைப் பசை வைப்பார்கள். ரோண்டா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து குளியலறை அலமாரியில் குவித்து வைத்திருந்த மாதிரிக் குழாய்களெல்லாம் புதினாப் பச்சை.

"முப்பது வருஷமா வாடகைக்கு விடறேன். வெள்ளையில அடைப்பாங்க, நானும் பார்த்தும் பாக்காத மாதிரி இருந்துடுவேன். பச்சையில அடைச்ச புண்ணியவதி இவதான்" என்றாள் வெர்னா. "ஒண்ணு, ரெண்டு... பதினொண்ணு. பதினொண்ணையும் அடைச்சிருக்கா பாரு, ஒண்ணு விடல."

ரோண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அழுகையும் வந்தது. மனம் நொந்து ஓடுகிறவள் நின்று பதினொரு ஓட்டையை அடைப்பாளா? மாட்டாள். அப்படியானால் கோரினுக்குக் கேட்கவில்லை. இல்லை, அடைப்பாள், கோரினாக இருந்தால் நெஞ்சு வெடித்துக்கொண்டிருந்தாலும் அடைப்பாள், சுவரிடம் 'ஸாரி'யும் சொல்லியிருப்பாள். அப்படியானால் கேட்டிருக்கிறது.

முதல் தவணை இதோடு முடிந்தது. "சொத்தை ஒண்ணும் இல்ல" என்றாள் ரோண்டா. எனக்குப் பெரிய நிம்மதி. அவளுக்கு இல்லை.

8

அந்த ஆறு மாதமும் நான் முடிவுகளாக எழுதித் தள்ளினேன்.

முடிவு ஒன்று: கோரின் ஒரு நாள் கதவைத் தட்டுகிறாள்; இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (அவர்கள் கட்டிக்கொள்கிற ரகம் இல்லை. கை குலுக்கினாலே அதிகம்.)

முடிவு இரண்டு: அனுப்பிய கடிதம் 'ஆள் இல்லை' என்று திரும்பி வருகிறது, ரோண்டா அதை வாழ்நாளெல்லாம் மேசையில் வைத்துக்கொண்டு— (வேண்டாம். அதில் என் கை அரிப்புத்தான் தெரிகிறது.)

முடிவு மூன்று: கோரின் காதலித்த ஒரு லாரி ஓட்டுந— (இவன் எங்கிருந்து வந்தான்?)

எழுத எழுத ஒன்று தெரிந்தது. கோரின் ஏன் போனாள் என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. ரோண்டா தூங்கினாளா என்பதுதான் முக்கியம்.

9

தூங்கவில்லை. ஏப்ரலில் அவள் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

முழுத் தொகைக்கும் செக் எழுதி அனுப்பியிருக்கிறாள். 'எல்லாம் சரியா இருந்துச்சு. முழுசா அனுப்பறேன்.' பத்து நாளில் அதே செக் திரும்பி வந்தது. 'ஐயோ வேண்டாம். சுவரை வேற கெடுத்துட்டேன். வெச்சுக்கோ.' ரோண்டா மறுபடி அனுப்பினாள். 'சுவர் நல்லாத்தான் இருக்கு. இப்ப வாசமாவும் இருக்கு.' அது மறுபடி திரும்பியது. 'சொல்லாமக் கிளம்பினதுக்காவது பிடிச்சுக்கோ. பாதி வெச்சுக்கோ, போதும்.'

பாதி! கிரிங்கிள் துண்டு தபாலில் போய் வந்துகொண்டிருந்தது. நான்காவது முறை போவதற்குள் செக்குக்கு ஆறு மாதம் ஆகிக் காலாவதியாகிவிட்டது. புதிதாக எழுதினாள். அதுவும் வந்துவிட்டது.

"அக்கா என்ன சொல்றா தெரியுமா? ரெண்டு பேரும் ஒட்டுற தபால்தலைக்கே டெபாசிட் தீர்ந்துடும்டீங்கிறா" என்றாள் ரோண்டா, நூலை இழுத்துக்கொண்டே. "சிரிக்காதீங்க, ஈறு கிழிஞ்சுடும். எனக்கு அந்தப் பணம் பெருசு இல்லங்க. அவ அந்த செக்கை மாத்திட்டா, என் மேல கோவம் இல்லன்னு நெனச்சுக்குவேன். மாத்தலன்னா அன்னிக்கு நான் பேசினது கேட்டிருக்குன்னுதானே அர்த்தம்? தினம் காலைல எழுந்ததும் பேங்க் கணக்கைத்தான் பாக்கிறேன். பணம் அப்படியே கிடக்கு."

அந்த அறைக்கு வேறு ஆளையும் சேர்க்கவில்லை. கணக்கு முடியாமல் இன்னொருத்தியை எப்படிக் கொண்டுவருவது என்று கதவைச் சாத்தி வைத்திருந்தாள். முழு வாடகையும் தானே கட்டிக்கொண்டு, அதற்காகச் சனிக்கிழமையும் வேலை பார்த்தாள். கோரின் போனால் ஒரு வாரம் தூங்குவேன் என்று சொன்னவளுக்கு ஏழு மாதமாக இரவு இரண்டு மணிக்கு மேல் தூக்கம் பிடிப்பதில்லை. ஐஸ் மெல்லும் சத்தம் இல்லாத வீடு அவளைத் தூங்கவிடவில்லை.

மெருகு போடும் கருவிக்கு முனை மாற்ற அவள் திரும்பினாள். என் வாய் ஐந்து விநாடி காலியாக இருந்தது. ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் அத்தனையும் முண்டியடித்து, ஒன்று மட்டும் வெளியே வந்தது.

"நேராக் கேட்டுட வேண்டியதுதானே?"

ஆஸ்பத்திரியைக் கொள்ளையடிக்கலாம் வா என்று நான் கூப்பிட்டதுபோல் பார்த்தாள்.

"அப்படியெல்லாம் யாராச்சும் கேப்பாங்களா?"

"எங்க ஊர்ல தெருவுல நின்னு கத்தியே கேட்டிருப்பாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது."

"பாத்தீங்களா!" என்று சொல்லிவிட்டுக் கருவியை உள்ளே விட்டாள்.

10

(எழுத்தாளன் தன் கதைக்குள் புகுந்து பாத்திரத்துக்கு யோசனை சொல்லலாமா என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது. அவள் என் வாய்க்குள் புகுந்தது மட்டும் சரியா?)

11

மூன்றாவது தவணைக்குப் போனபோது ரோண்டாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் இல்லை. நாற்காலியைப் பின்னுக்குச் சாய்க்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஜூலையில் இன்னொரு செக் எழுதியிருக்கிறாள். செக்கின் கீழ் மூலையில், பணம் எதற்காக என்று குறிக்க இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு இருக்கும். ஒவ்வொரு முறையும் அதில் 'டெபாசிட்' என்று எழுதுவாள். இந்த முறை கை அங்கேயே நின்றுவிட்டதாம். முகம் பார்த்துக் கேட்க முடியாது, ஃபோனிலும் முடியாது. கடிதத்தில் கேட்கவும் முடியாது. கடிதம் என்றால் பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். இரண்டு அங்குலத்தில் கேட்கலாம். கேட்டாள்.

'அந்த ஞாயிறு ஃபோன். கேட்டுச்சா?'

ஒட்டினாள். தபால்பெட்டியில் போட்டுவிட்டு, உடனே கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் போகவில்லை.

பத்து நாள் ஆயிற்று. உறை திரும்பி வரவில்லை. பதினைந்து நாள். பத்தொன்பதாம் நாள் காலை கணக்கைப் பார்த்தால் அறுநூற்று ஐம்பது குறைந்திருக்கிறது.

"பணம் போனதுக்குச் சந்தோஷப்பட்டவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான்" என்றாள். "வேலையில இருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்துல, பேங்க்குல செக்கோட படம் போட்டிருப்பாங்கல்ல, அதைத் திறந்தேன். முன்பக்கம் என் கையெழுத்து. பின்பக்கம் பாக்கலாம்னு தோணுச்சு. ஏன் தோணுச்சுன்னு தெரியல."

கையுறையைக் கழற்றிவிட்டு ஃபோனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். என் வாயில் ஏற்கெனவே குழாய் இருந்தது.

இந்த ஊர்ச் செக்கின் பின்பக்கத்தை நிமிர்த்திப் பிடித்தால் இப்படி இருக்கும். மேலே ஒன்றரை அங்குலம், கையெழுத்துப் போட. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டை ஒட்டிப் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும்: இந்தக் கோட்டுக்குக் கீழே எழுத வேண்டாம், அது வங்கிக்கு. அந்த ஒன்றரை அங்குலத்துக்குள் எறும்பு ஊர்ந்ததுபோல் கோரின் எழுதியிருந்தாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன்.

'கேட்டுச்சு. ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. ஒரு வருஷமாவே எனக்குக் கிளம்பணும், தனியா இருக்கணும். நீ தங்கமானவ, உன் மனசு புண்படுமேன்னு சொல்ல வாயே வரல. நீ அக்காகிட்ட சொன்னதைக் கேட்டதும் கட்டில்ல உக்காந்து சிரிச்சேன். அப்பாடான்னு இருந்துச்சு. நீ மனசு மாறிடக் கூடாதேன்னுதான் அவ்வளவு அவசரமா ஓடினேன். பணத்தை இப்ப எடுத்துக்கிறேன். ரோ, நீ மட்டும்'

அவ்வளவுதான். அதற்கு மேல் இடமில்லை. கோட்டின் தலையில் இடித்துக்கொண்டு அவள் கையெழுத்து. கீழே முக்கால் செக்குக்கு வெள்ளை வெளேர் என்று காலி இடம் கிடந்தது. அதில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. எழுதக் கூடாது என்று போட்டிருக்கிறதே, கோரின் எப்படி எழுதுவாள்?

12

"அந்தச் சனி ஞாயிறு தூங்கினேன் பாருங்க" என்றாள் ரோண்டா. "அக்கா மூணு தடவை கூப்பிட்டிருக்கா, தெரியல. வெர்னா மேல வந்து மூக்குல கை வெச்சுப் பாத்திருக்கா, மூச்சு வருதான்னு. ரெண்டு வருஷங்க! ரெண்டு வருஷம் நான் அவளுக்காகப் பொறுத்துக்கிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். அவ எனக்காகப் பொறுத்துக்கிட்டிருந்திருக்கா. ரெண்டு முட்டாளுங்க!"

முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள் இரண்டும் சிரித்தன. நானும் சிரித்தேன்; எச்சில் குழாய் அதையும் உறிஞ்சிக்கொண்டது.

சுவரை மட்டும் வெர்னா இன்னும் பூசவில்லையாம். வாடகைக்கு அறை பார்க்க வருகிறவர்களிடம் "மோந்து பாருங்க" என்கிறாளாம். ஆகஸ்டில் ஒருத்தி மோந்து பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். அவளையே சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாளே ரோண்டா அவளிடம் சொல்லிவிட்டாளாம்: "இங்க பாரு, என்னோட இருக்கப் பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு." அந்தப் பெண் பயந்துபோய் "ஸாரி" என்றிருக்கிறாள்.

நான் குழாயை என் கையாலேயே பிடுங்கினேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ மட்டும்... என்ன? 'நீ மட்டும்'னு ஆரம்பிச்சாளே, அதுக்கப்புறம் என்ன?"

"தெரியாது."

"கேட்கலயா? முகவரி இருக்குல்ல. ஒரு கார்டு போட்டுக் கேளுங்களேன். நான் வேணும்னா தபால்தலை வாங்கித் தரேன்."

 பல் தேய்க்கத் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல், ரோண்டா பொறுமையாகச் சொன்னாள்.

"அது கடைசித் துண்டுங்க. அதை எடுக்க மாட்டோம்."

13

வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தை முடிக்க உட்கார்ந்தேன். 'நீ மட்டும் அன்னைக்குப் பேசலன்னா நாம இன்னும் அங்கேயேதான்—' என்று எழுதி, அதில் பாதியை அடித்தேன். 'நீ மட்டும் தூங்கினியா?' என்று எழுதினேன், பாதியை அடித்தேன். இன்னும் நாலைந்து எழுதினேன். ஒவ்வொன்றிலும் பாதி போய், கடைசியில் மேசையில் நகம் அளவுக்குத்தான் மிஞ்சியது.

இந்த ஊருக்கு வந்த புதிதில் என்றால் லபக்கென்று எடுத்து வாயில் போட்டிருப்பேன். இருபத்திரண்டு வருடம் ஆளை மாற்றிவிடுகிறது. எனக்கும் கை வரவில்லை.

ஆனால் நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லை. உங்களை யாரும் ஒரு மாதிரி பார்க்கப் போவதில்லை. தட்டை உங்கள் பக்கம் நகர்த்தியிருக்கிறேன். கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

'ரோ, நீ மட்டும்

————————————————————